எந்தத் தண்ணியில கழுவுனீய?

சேலைக் கொசுவத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஆஸ்பத்திரி மதில் ஓரம் குத்தவைத்து, டாக்டர் ஃபர்ஹத் அருகம்புல் பறித்துக்கொண்டிருக்கிறார். பார்த்துப் பார்த்துப் பறிக்கிறார். நுனி பழுத்திருந்தால் வேண்டாம், பூச்சி கடித்திருந்தால் வேண்டாம். காவலாளி பிச்சைக்கண்ணுவுக்குச் சும்மா இருக்க முடிவதில்லை.

“என்ன டாக்டரம்மா, இன்னைக்கும் பிள்ளையாருக்கா?”

“கிருமிக்குப் படையல், அண்ணாச்சி. நீங்க இந்தப் பக்கம் களைக்கொல்லி அடிச்சிராதீய.”

ஃபர்ஹத் மேலப்பாளையத்துக்காரர். வயது நாற்பத்தாறு. கண் டாக்டர், அதிலும் கருவிழி நோய்க்கென்றே தனியாகப் படித்தவர். நடக்க மாட்டார், வராந்தாவில் எப்போதும் ஓட்டம்தான். கருவிழிப் புண்ணை ஃபோட்டோ எடுக்க நல்ல மெஷின் இருக்கிறது. இருந்தும் தினமும் கலர் பென்சிலால் வரைவார். கேட்டால், “ஃபோட்டோ மெஷின் பாத்துக்கிடும். வரைஞ்சாத்தான் நாம பாப்போம்” என்பார்.

வயலில் கண்ணைக் குத்திக்கொண்டு வருகிறவர்களிடம் எது குத்தியது என்று எல்லா டாக்டரும் கேட்பார்கள். இவர் கேட்பது வேறு. “எந்தத் தண்ணியில கழுவுனீய?” குழாயா, கிணறா, ஆறா, வாய்க்காலா? வலியில் துடிக்கிறவர்களுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். பதில் கிடைக்கும் வரை இவர் விடுவதும் இல்லை.

முக்கூடல் இசக்கியம்மாவிடமும் அதைத்தான் கேட்டார். இசக்கியம்மா பீடி சுற்றுகிறவர். வேலை வந்தால் வயலுக்கும் போவார். இடது கண் சின்ன வயதிலேயே அம்மையில் போய்விட்டது. மிச்சமிருந்த வலது கண்ணில், களையெடுக்கும்போது நெல் தாள் குத்திவிட்டது.

“வாய்க்கால் தண்ணிய அள்ளி அள்ளி அடிச்சேன், டாக்டரம்மா. நம்ம ஆத்துத் தண்ணிதான?”

ஃபர்ஹத் நிமிர்ந்து உட்கார்ந்தார். இங்கே வருமுன் வேறொரு ஆஸ்பத்திரியில் பூஞ்சைக்கான சொட்டு மருந்தை ஏழு நாள் மணிக்கொரு தரம் விட்டிருக்கிறார்கள். புண் குறையவே இல்லை. அதன் ஓரத்திலிருந்து மெல்லிய வெள்ளைக் கோடுகள் நாலாபுறமும் கிளம்பியிருந்தன. வயல் தண்ணீரில் பித்தியம் என்றொரு கிருமி உண்டு. பார்வைக்குப் பூஞ்சை மாதிரியே நூல் நூலாக இருக்கும், ஆனால் பூஞ்சை அல்ல. பூஞ்சை மருந்து அதை ஒன்றும் செய்யாது. இது அதுதானா? தப்பாக யூகித்துப் பூஞ்சை மருந்தை நிறுத்தினால் இருக்கிற ஒரு கண்ணும் போய்விடும்.

அதற்குத்தான் அருகம்புல். புண்ணிலிருந்து எடுத்த கிருமியைத் தட்டில் வளர்த்து, அவித்த புல்லில் படரவிட்டுத் தண்ணீரில் மிதக்கவிடுவார்கள். பூஞ்சை என்றால் பேசாமல் கிடக்கும். பித்தியம் என்றால் சில மணி நேரத்தில் நீந்துகிற பொடிக் குஞ்சுகளை வெளியே விடும்.

மூன்றாம் நாள் முற்பகல், பரிசோதனைக் கூடத்துத் தேன்மொழி கூப்பிட்டதும் ஃபர்ஹத் மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறினார்.

“பைய வாங்க மேடம், தட்டத் தட்டிவிட்டுராதீங்க!”

நுண்ணோக்கியில் கண்ணை வைத்தவர் ஒரு துள்ளு துள்ளினார்.

“ஏட்டி, நீந்துதுட்டி!”

ஆனந்தம் தாங்கவில்லை. அந்த வழியாக டீ கொண்டுபோன கான்டீன் பாபநாசத்தையும் இழுத்துவந்து பார்க்க வைத்தார். அவர் தூக்குவாளியோடு குனிந்து பார்த்து, “அயிர மீன்குஞ்சு மாதிரில்லா ஓடுது!” என்று வாயைப் பிளந்தார்.

மூத்த டாக்டர் குமரகுருபரன் மட்டும் சிரிக்கவில்லை. “பேரு தெரிஞ்சுட்டு. மருந்து தெரியுமா?”

அங்கேதான் வண்டி நின்றது. பாக்டீரியாவுக்கான சில மருந்துகள் இதற்குக் கேட்கும் என்று கொஞ்சம் கட்டுரைகள் சொல்கின்றன. கேட்காது, உடனே கருவிழியை மாற்றிவிடுங்கள் என்கின்றன வேறு சில. எல்லாமே பத்து, இருபது பேரை வைத்து எழுதியவை. ஃபர்ஹத் பார்த்ததோ பதினோரு பேரை. ஏழு பேருக்குச் சொட்டு மருந்திலேயே ஆறியது, நாலு பேருக்கு ஆறவில்லை.

“ஒத்தக் கண்ணும்மா. புண்ணு வெள்ளவிழியத் தொட்டுட்டா மாத்தியும் பிரயோஜனம் இல்ல. இன்னைக்கே மாத்திருவோம்” என்றார் குமரகுருபரன்.

“மாத்துன கண்ணுலயும் அது திரும்ப வருது, சார். அப்புறம் நம்ம கையில என்ன இருக்கு?”

இரண்டு பேர் சொல்வதும் நியாயம். இப்படி முட்டிக்கொண்டு நிற்கும்போது ஃபர்ஹத்திடம் ஒரு வழக்கம் உண்டு. நாற்காலியை மாற்றிப் போட்டு, “நீங்க என் பக்கம் பேசுங்க, நான் உங்க பக்கம் பேசுதேன்” என்பார். குமரகுருபரன் தலையில் அடித்துக்கொண்டுதான் உட்கார்ந்தார். பத்து நிமிடத்தில் சொட்டு மருந்துக்காக அவரும், ஆபரேஷனுக்காக இவரும் மேசையைத் தட்டிச் சண்டை போட்டார்கள். ஃபர்ஹத் தன் வரைபடத்தைக் காட்டி, “வெள்ளவிழிக்கு இன்னும் ரெண்டே மில்லிமீட்டர்தான் இருக்கு!” என்று கத்தினார். குமரகுருபரன் விட்டுக்கொடுக்காமல், “ரெண்டு இருக்குல்லா? அப்ப மூணு நாளு பொறுக்கலாமே!” என்றார். சொன்ன பிறகுதான், தான் சொன்னது அவருக்கே உறைத்தது.

மூன்று நாள் பாக்டீரியாவுக்கான சொட்டு மருந்து. அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலும் அன்றைக்கே ஆபரேஷன். தானமாக வரும் கண்ணுக்கும் சொல்லிவைத்தாயிற்று.

இதை ஃபர்ஹத் இசக்கியம்மாவிடமும் மகள் சுகன்யாவிடமும் மறைக்காமல் சொன்னார். “இது கேக்குமான்னு எனக்கு உறுதியாத் தெரியாதுக்கா.”

சுகன்யா கொதித்துவிட்டாள். “தெரியாமத்தான் இங்கன படுக்கப் போட்டிருக்கீயளா? மதுரைக்காவது கூட்டிட்டுப் போயிருப்போம்லா!”

இசக்கியம்மா குரல் வந்த திசைக்குக் கையை வீசி மகளை அடக்கினார். “சும்மா கெட. தெரிஞ்சவுக ஏழு நாளு ஊத்துனாக. தெரியாதவுக மூணு நாளு ஊத்தட்டும்.”

ஃபர்ஹத்துக்குக் கண் கலங்கிவிட்டது. ஊசி, மருந்து என்று எதையோ சொல்லிக்கொண்டே வெளியே ஓடினார்.

முதல் நாள் புண் அப்படியே இருந்தது. இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் காலை ஃபர்ஹத் வராந்தாவில் நடந்து வந்தார். முதலில் குமரகுருபரனை அளக்கச் சொல்லி, அளவைத் தன்னிடம் சொல்லாமல் சீட்டில் எழுதச் சொன்னார். பிறகு தானும் அளந்தார். இரண்டு சீட்டையும் பிரித்தார்கள். ஒரு நூல்கூட நகரவில்லை! அந்த வெள்ளைக் கோடுகளும் மழுங்கியிருந்தன.

“ஏம்மா, நிக்குதும்மா!” என்று முதலில் கத்தியது குமரகுருபரன்தான். ஃபர்ஹத் இன்னொரு தரம் அளந்துகொண்டிருந்தார்.

ஐந்தாவது வாரம் புண் ஆறி, ஓரத்தில் ஒரு தழும்பு மட்டும் மிஞ்சியது. ஃபர்ஹத் எதிரே ஒரு கை தூரத்தில் உட்கார்ந்து, விரல்களை விரித்துக் காட்டினார்.

“யக்கா, எத்தன வெரலு?”

இசக்கியம்மா கண்ணை இடுக்கினார். தலையைக் கொஞ்சம் சாய்த்தார். சுகன்யா கட்டில் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“அஞ்சு. மருதாணி நல்லாப் பிடிச்சிருக்கு. சுண்டு வெரலுக்கு மட்டும் வைக்க மறந்துட்டீயளோ?”

சுகன்யா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஃபர்ஹத் தன் சுண்டுவிரலைத் திருப்பிப் பார்த்தார். வெறும் விரல்தான். முகமெல்லாம் சிரிப்பாக, அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு மறு கையை நீட்டினார்.

“இதுல?”