மான்களுக்கு ஒரு புல்வேலி

மகள் மூன்றாவது முறை கர்ப்பமானபோது லண்டன் செவன் கிங்ஸில் எங்கள் வீட்டு எலிப்பொறிகள் எல்லாம் கூரைக்கடி லொஃப்டுக்குப் போய்விட்டன. முதல் இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. ஒன்று பத்தாம் வாரத்தில் போனது, மற்றது ஐந்தாம் மாதத்தில். வால்தம்ஸ்டோவில் கணவனோடு இருந்தவளை இந்த முறை என் மனைவி நேரே போய்க் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். கூடவே சட்டமும் வந்தது: பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீட்டில் ஓர் உயிரையும் கொல்லக் கூடாது. எலிகளுக்குச் செய்தி எப்படியோ எட்டிவிட்டது. பட்டப்பகலில் குசினியில் உலாப் போயின. நான் கதிரையில் இருந்து தேநீர் குடிக்கும்போது ஒன்று வந்து என் காலில் கிடந்த சப்பாத்தை முகர்ந்து பார்த்துவிட்டுப் போகும்.

எனக்கு இப்படியான நம்பிக்கைகளில் பிடிப்பில்லை. கோயிலுக்குப் போவேன், அங்கே சாப்பாடு நன்றாக இருக்கும். ஆனால் இரண்டு முறை ஆஸ்பத்திரியிலிருந்து மகளை வெறுங்கையோடு கூட்டி வந்தவன் இதில் என்ன வாதாடுவது? பொறிகளை நானே மேலே ஏற்றி வைத்தேன்.

என் தொழில் வேலி அடிப்பது. பிரான்சை விட்டு இங்கே வந்த நாள் முதல் அதுதான். மனைவியின் தம்பி, என் மச்சான், கூட வேலை செய்கிறான். அந்த வசந்தத்தில் ஓர் ஆங்கிலக் கிழவர் போன் எடுத்தார். தன் தங்கை வீட்டுக்கு நான் அடித்த வேலியைப் பார்த்திருக்கிறார். எம் 25 நெடுஞ்சாலையைத் தாண்டியதும் எசெக்ஸ் ஓரத்தில் அவருக்கு ஒரு வயலும் துண்டுக் காடும் இருந்தன. வேலி வேண்டும், ஆனால் பலகையில் வேண்டாம், புல்லில் வேண்டும் என்றார்.

போய்ப் பார்த்தேன். காட்டோரமாக அரை ஏக்கரில் மான்கள் வந்து மேய்வதற்கென்றே குளோவர் என்ற தீவனச் செடி விதைத்திருந்தார். ஒரு பக்கம் தெரு. இன்னொரு பக்கம் சனங்கள் நாய்களோடு நடக்கிற பொதுப் பாதை. இப்படித் திறந்த இடத்தில் மான் பகலில் வராது, இருட்டிய பிறகுதான் வரும். இருட்டில் சுடச் சட்டம் விடாது. சுற்றிவர ஆளுயரத்துக்கு மேலே புல் நின்றால், தன்னை ஒருவரும் பார்க்கவில்லை என்று நம்பி அது வெளிச்சத்திலேயே வந்து மேயும். கிழவர் ஒளிவுமறைவில்லாமல்தான் சொன்னார். மான்கள் பெருகிக் கன்று மரங்களைத் தின்று தீர்க்கின்றன, நவம்பரிலிருந்து பெட்டை மான்களைச் சுடலாம், இறைச்சி தனக்கும் அயலவருக்கும் என்றார். அவருக்கு முழங்கால் வருத்தம், பரணில் ஏற முடியாது. அதனால் வயலின் ஒரு மூலையில் நிலத்தோடு ஒரு மரக்கூடு வைத்திருந்தார். அதற்குள் இருந்துதான் சுடுவார்.

வேண்டாம் என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இத்தனை வருடம் ஆணி அடித்தவனுக்கு, முளைத்து வளர்கிற வேலி என்றதும் ஆசை வந்துவிட்டது. வீட்டில் மனைவி கேட்டபோது ஒரு கிழவரின் வயலுக்குக் காற்று மறைப்பு என்றேன். மச்சானிடமும் காதும் காதும் வைத்தமாதிரி இருக்கச் சொன்னேன்.

ஏப்ரல் கடைசியில் யானைப்புல்லின் வேர்த்துண்டுகளை நான்கு வரிசையாக நட்டோம். விரல் நீளத் துண்டு, நாலு விரல் ஆழம், ஒன்றுக்கும் மற்றதுக்கும் இடையில் ஓர் எட்டு. அது ஆளை மறைக்க மூன்று வருடம் எடுக்கும். அதனால் முதல் வருடத்துக்காக வெளிப்பக்கத்தில் உயரச் சோளம் விதைத்தோம், மாட்டுக்குப் போடுகிற வகை. மண் சூடேறட்டும் என்று மே கடைசி வரை பொறுத்திருந்து போட்ட விதையைப் புறாக்கள் ஒரு கிழமையில் கிண்டித் தின்றன. மறுபடி விதைத்து, அது முளைக்கும் வரை மச்சானை வயலில் நிற்க வைத்தேன். புறாவுக்குக் காவலிருக்கவா லண்டனுக்கு வந்தேன் என்று அவன் சினந்தான்.

பிழை விட்டது அந்த விதைப்பில்தான். கிழவர் கீறித் தந்த படத்தில் மரக்கூட்டுக்கு முன்னால் ஓர் இடைவெளி இருந்தது. மச்சான் அதைக் காட்டினான். நான்தான் கேட்கவில்லை. வேலியில் ஒரு பொட்டு விட்டால், அதாவது ஒரு ஆள் நுழையும் இடைவெளி விட்டால், அது நாளைக்குப் பாதை, மறுநாள் உரிமை. ஒரு பொட்டுக்காகத் தலைமுறை தலைமுறையாகக் கோட்டுப்படி ஏறிய சனம் நாங்கள். அதுவும் பக்கத்திலேயே பொதுப் பாதை. கிழவருக்கு உலகம் தெரியாது, இப்போது அடைத்துவிட்டால் தேவையானபோது அவரே திறந்துகொள்வார் என்று நினைத்தேன். ஓர் இடமும் விடாமல் சுற்றிவர விதைத்து முடித்து, அதைப் பெருமையோடு படமும் எடுத்தேன்.

செப்டெம்பரில் சோளம் என் தலைக்கு மேலே இரண்டு சாண் நின்றது. உள்ளே நின்றால் தெருவின் சத்தம் கேட்கும், தெரு தெரியாது. ஒருநாள் பின்னேரம் மூன்று மணிக்கு, களை பார்க்கப் போன நேரத்தில், ஒரு பெட்டை மானும் அதன் குட்டியும் குளோவர் நடுவில் நின்றன. காட்டுப்பக்கத்துச் சோளத்தைத் தாங்களே விலக்கிக்கொண்டு வந்திருந்தன. என்னை அவை காணவில்லை. அவசரமில்லாமல் மேய்ந்தன. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை மறைப்பானேன். நான் அடித்த எந்த வேலியும் அதுவரை ஒருவருக்கும் அவ்வளவு நிம்மதியைக் கொடுத்ததில்லை.

ஒக்டோபர் கடைசியில் கிழவர் போன் எடுத்தார். மரக்கூட்டுக்குள் போய் இருந்து பார்த்தாராம், முன்னால் சோளச் சுவர்தான் தெரிகிறதாம். மரியாதையாகத்தான் சொன்னார். சனிக்கிழமைக்கு முன் வந்து, இரண்டு கை விரித்த அகலத்துக்கு வெட்டித் திறந்துவிடச் சொன்னார். பத்து நிமிட வேலை.

அதுவரை நான் எனக்கே ஒரு சமாதானம் சொல்லி வைத்திருந்தேன்: புல் வளர்ப்பது கொலை அல்ல. இப்போது கிழவரின் துவக்கு சுடுவதற்கு நானே கத்தி எடுத்து வழி திறக்க வேண்டும். மகளுக்கு ஒன்பதாம் மாதம். அதைவிட, மச்சான் வர மறுத்துவிட்டான்.

"அத்தான், புல்லு நட்டது நட்டாச்சு. இதுக்கு நான் வரமாட்டன். முதல்ல அக்காட்டச் சொல்லுங்கோ."

வியாழக்கிழமை காலை குசினியில் வைத்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மகள் மேலே படுத்திருந்தாள். ஏழு மாதம் பொய் சொன்னதற்கு வீடு இரண்டுபடும் என்று எதிர்பார்த்து நின்றேன். அவள் தண்ணீர்க் குழாயை மூடிவிட்டுக் கதிரையில் இருந்தாள்.

"போன முறை இஞ்ச வந்து நிண்ட நேரம் அவள் நண்டுக்கறி கேட்டவள்," என்றாள். "உயிர் நண்டு வாங்கிவந்து இந்தச் சிங்குக்கை வச்சுத்தான் கால் முறிச்சனான். அது துடிச்சது. நாலாம் நாள் பிள்ளை போயிட்டுது. ஆருக்கும் சொல்லேல்லை நான்."

ஒன்றரை வருடமாக அதே சிங்கில் பாத்திரம் கழுவிக்கொண்டு இதை வைத்திருந்திருக்கிறாள். எலிப்பொறியை வைத்து நான் அடித்த பகிடிகளெல்லாம் ஞாபகத்துக்கு வந்தன. வெட்கமாக இருந்தது. டொக்டர் சொன்ன காரணத்தை எடுத்துச் சொன்னேன். தனக்கும் தெரியும் என்று தலையாட்டினாள். அவள் அதை நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

அன்றைக்கே கிழவருக்குப் போன் எடுத்து, என் மகள் பிள்ளைத்தாய்ச்சி, எங்கள் வீட்டில் இந்த நேரத்தில் இப்படியான வேலை செய்வதில்லை, பிழை என்னுடையதுதான், மன்னிக்க வேண்டும் என்று சொன்னேன். பிள்ளை எப்போது பிறக்கும் என்று கேட்டார். வாழ்த்துச் சொன்னார். வேறு ஆளைப் பார்க்கிறேன் என்றார்.

நவம்பர் இரண்டாவது சனிக்கிழமை பின்னேரம் போனுக்கு ஒரு படம் வந்தது. குளோவருக்கு மேலே ஒரு பெட்டை மான் படுத்திருந்தது. பின்னால் என் சோளம், பனி பட்டு வைக்கோல் நிறத்தில், நேராக நின்றது. உங்கள் புல் வேலை செய்கிறது, நன்றி என்று கிழவர் எழுதியிருந்தார். நான் சந்தோஷப்படுவேன் என்றுதான் அனுப்பியிருப்பார்.

எதையும் நம்பாதவன் என்று சொன்னேன் அல்லவா? அந்த நாளிலிருந்து பிள்ளை பிறக்கும் வரை பயந்து செத்தவன் நான்தான். மகள் மாடிப்படி இறங்கினால் என் கை தானாகக் கைபிடியைப் பிடிக்கும். அவள் இருமினால் எழும்பி நிற்பேன். படத்தை ஒருவருக்கும் காட்டவில்லை, அழிக்கவும் மனம் வரவில்லை.

நவம்பர் கடைசிக் கிழமையில் பெண் பிள்ளை பிறந்தது. மூன்று கிலோவுக்கு மேல், தெருவையே எழுப்புகிற குரல். பத்தாம் நாள் காலை தாயும் பிள்ளையும் மேலே நித்திரை. மனைவி, பிள்ளை பெற்றவளுக்கென்று வைக்கிற சரக்குக்கறியை மகளுக்கு வைத்துக்கொண்டிருந்தாள். மிளகும் மல்லியும் அவிகிற மணம். நான் போனை மேசையில் வைத்தேன்.

"கிழவர் மானைச் சுட்டுப்போட்டார்," என்றேன். "நான் வெட்டப் போகேல்லை, ஆனால் என்ர புல்லை நம்பித்தான் அது பகலில வந்தது. பாவம் எண்டு ஒண்டு இருந்தால் அது என்ரைதான். இந்த வீட்டுக்குத்தான் வந்திருக்கவேணும். மேல போய்ப் பிள்ளையைப் பாரும், ஒரு குறையும் இல்லை."

கையைத் துடைத்துவிட்டுப் போனை எடுத்தாள். மானைப் பார்க்கவில்லை. படத்துக்கு மேலே இருந்த திகதியைத்தான் பார்த்தாள். விரல் மடித்து எண்ணினாள். பிள்ளை பிறப்பதற்குப் பதினாறு நாள் முந்தி.

"அப்ப நண்டு?" என்று கேட்டாள்.

"நண்டும் இல்லை."

அவள் வாயில் சேலைத் தலைப்பை வைத்து அமுக்கிக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டாள். அந்தப் பிள்ளை போன நாளிலும் அவள் இப்படி அழுததை நான் காணவில்லை. கறி அடிப்பிடிக்கத் தொடங்கியது. நான் அடுப்பை நிறுத்திவிட்டு, மகளுக்குக் கேட்காதபடி குசினிக் கதவைச் சாத்தினேன்.