மஞ்சள் தண்ணீர் ஊற்றிய பாட்டு

இதை எழுதலாமா வேண்டாமா என்று மூன்று வருடம் தள்ளிப்போட்டேன். இந்தப் பத்தியில் வாராவாரம் கோயில், சாப்பாடு, எம்ஆர்டி ரயில் என்று எதையாவது பேசிவிட்டுப் போய்விடுவேன். இதற்கு மட்டும் கை வரவில்லை. வெட்கம்தான்... வேறென்ன?

போன செவ்வாய்க்கிழமை ஃபேரர் பார்க்கில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். தாடி வைத்த ஓர் இளைஞர் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"அங்கிள், நான் ரியாஸ். கவிதா பேண்ட்ல டிரம்ஸ் வாசிச்சேன்."

கவிதா என் மகள். வீட்டை விட்டுப் போய் மூன்று வருடம்.

அவள் வாசித்தது மெட்டல் என்கிற காதடைக்கும் ராக் இசை. அதிலும் சாக்ஸபோன், உறுமி என்று கிடைத்ததையெல்லாம் கலக்குகிற வகை. செங்காங் வீட்டில் அவள் அறையிலிருந்து அலறல் வரும். ஒரு வெள்ளிக்கிழமை அந்த அலறலுக்கு நடுவே என் பூஜை மணிச் சத்தம் கேட்டது. சாமியைக் கேலி செய்கிறாளா? இல்லை, பிள்ளையை ஏதாவது பிடித்துக்கொண்டதா?

சொம்பில் மஞ்சள் தண்ணீர் கரைத்தேன். வேப்பிலையால் அறை முழுக்கத் தெளித்தேன். கோபம் அடங்கவில்லை. மிச்சத்தை அவள் மேஜைமேல் ஊற்றினேன். லேப்டாப் அங்கேதான் இருந்தது.

அவள் கத்தவில்லை. "ஒரு தடவ கேட்டுட்டு ஊத்தியிருக்கலாம்பா" என்றாள்.

"இதக் கேட்டா காதுக்கே தீட்டு" என்றேன் நான்.

மறுநாள் கிளம்பிவிட்டாள்.

ரியாஸ் என் போனுக்கு ஒரு பாட்டை அனுப்பினார். "மொத நாலு நிமிஷம் தாங்காதுலா அங்கிள். பாதியில நிறுத்திடாதீங்க."

ரயிலில் ஹெட்போனை மாட்டினேன். கான்கிரீட்டைத் துளைபோடுவது மாதிரி கிட்டார். அதற்குமேல் அடிவயிற்றிலிருந்து ஓர் அலறல் — என் மகள் குரல். போத்தோங் பாசிர் ஸ்டேஷன் வந்ததும் பாட்டை நிறுத்திவிட்டேன்.

மனசு கேட்கவில்லை. மறுபடி போட்டேன்.

சாக்ஸபோன் வந்தது, அது முடிவதற்குள் உறுமி. எனக்குத் தைப்பூசம் ஞாபகம் வந்தது. அலகு குத்துகிற நொடியில் சுற்றி நின்று நாம் எழுப்புகிற சத்தத்தைப் புதிதாகக் கேட்பவர் என்ன நினைப்பார்? நம் சத்தம் என்றால் பக்தி. பிள்ளையின் சத்தம் என்றால் தீட்டு!

ஹவ்காங் தாண்டியதும் எல்லாம் அடங்கியது. மணி ஒலித்தது. சுருதி சேராத ஒரு குரல் பதிகம் பாடியது. நடுவில் ஓர் இருமல்.

என் குரல்.

நான் பாடி முடிக்கும்வரை ஒரு கருவிகூடக் குறுக்கே வரவில்லை. கேலியா அது? அந்த இருமலைக்கூட வெட்டாமல் வைத்திருந்தாள்.

பிறகு பாட்டு சட்டென்று நின்றுவிட்டது. ரியாசுக்குப் போன் செய்தேன்.

"அவ்ளோதான் அங்கிள். எனக்குக் கேட்டுப் பார்க்க அனுப்புனது இது மட்டும்தான். மீதி அந்த லேப்டாப்ல இருந்துச்சு."

"மறுபடி செய்ய முடியாதா தம்பி? நான் வேணா திரும்பப் பாடுறேன்."

"அவ எல்லாத்தயும் விட்டுட்டா அங்கிள். கிட்டாரத் தொட்டே ரெண்டு வருஷமாச்சு."

கேட்டுவிட்டேன் என்று அவளுக்கு மெசேஜ் அனுப்பினேன். இன்றுவரை ஒரே டிக், போய்ச் சேரவில்லை. முருகனிடம் தினமும் சொல்கிறேன்.

எத்தனையோ சாமி செய்திகளை வாட்ஸ்அப்பில் ஆளுக்கு ஆள் அனுப்புகிறோமே, இதையும் அனுப்புங்கள். யார் வழியாகவாவது அவளிடம் போகட்டும். ஆனால் ஓர் எழுத்தும் மாற்றாதீர்கள். என்மேல் இரக்கப்பட்டு அந்தச் சொம்பை எடுத்துவிடாதீர்கள்.

என் இருமலை அவள் வெட்டவில்லை. என் தப்பை நீங்களும் வெட்ட வேண்டாம்.