சிஐடி அக்காவின் குடியுரிமை

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் அவளை எல்லோரும் ‘சிஐடி அக்கா’ என்றுதான் கூப்பிட்டார்கள். வெளுத்து வந்த விரிப்பையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் மடிப்பாள். கணவனோடு இந்த நாட்டுக்கு வந்து இருபத்திரண்டு வருடம். குடியுரிமைக்கு இரண்டு முறை விண்ணப்பித்திருந்தாள். முதல் தடவை, கையெழுத்து கட்டத்தைத் தாண்டிவிட்டது என்று திருப்பி அனுப்பினார்கள். அடுத்த தடவை, முதலில் குடியிருந்த வாடகை வீட்டின் சொந்தக்காரரிடமிருந்து கடிதம் கேட்டார்கள். கொடுக்க வேண்டியவர் செத்துப்போயிருந்தார். கொழுந்தன் கதை இன்னும் மோசம். அனுமதி இல்லாமல் தங்கியிருப்பவர்கள் பயமில்லாமல் பதிவு செய்யலாம் என்று அரசாங்கம் சொன்னதை நம்பி முகவரியைக் கொடுத்தான். அதே முகவரிக்கு வந்து பிடித்துக்கொண்டு போய் விமானத்தில் ஏற்றிவிட்டார்கள்.

அதனால் அரசாங்கம் விதிகளை மாற்றியபோது அவளுக்குச் சந்தேகம்தான் வந்தது. இனிக் கடிதம் வேண்டாம், எழுத்துத் தேர்வு வேண்டாம். அதிகாரியே கேட்டுக் கணினியில் நிரப்புவார், கையெழுத்துப் போட்டால் போதும் என்றது அறிவிப்பு.

“இனியாவது நிம்மதியா இருக்கலாம்,” என்றான் கணவன்.

“இத்தனை வருஷமா விரட்டினவங்க திடீர்னு வாங்க வாங்கன்னா எப்படிங்க? விலாசத்தை எல்லாம் வாங்கிட்டு மொத்தமா அள்ளிட்டுப் போகவா?”

ஒருநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, குடியுரிமை அலுவலகத்துக்கு எதிரே பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து, உள்ளே போனவர்களையும் வெளியே வந்தவர்களையும் எண்ணினாள். கதவைப் பூட்டும் நேரத்தில், வெளியே வந்த கணக்கில் ஒரு ஆள் குறைந்தது. நேராகப் போய்க் காவலாளியிடமே கேட்டுவிட்டாள்.

“அந்தப் பச்சைச் சட்டைக்காரர் எங்கேங்க?”

“அவர் இங்க கூட்டிப் பெருக்குறவரும்மா. பூட்டின பிறகுதான் அவருக்கு வேலையே.”

அரை மனதோடு நேர்காணலுக்குப் போனாள். அதிகாரி ஒரு பெண். சிரித்த முகம். அந்தச் சிரிப்பே இவளுக்குப் பிடிக்கவில்லை. அரை மணியில் படிவம் தயாராகிவிட்டது.

“எல்லாத்தையும் ஒரு தடவை படிச்சுக் காட்டுங்க.”

அதிகாரி வாசித்தார். வெளிநாட்டில் தங்கிய நாட்கள் என்ற இடத்தில் ‘இல்லை’ என்று இருந்தது.

“அம்மா சாவுக்குப் பத்தொன்பது நாள் போயிட்டு வந்தேன்னு சொன்னேனே!”

“அது பெரிய விஷயமில்லம்மா. போட்டா மேலதிகாரிக்குப் போகும், லேட்டாகும். அதான் விட்டுட்டேன்.”

“நாளைக்கு வேற ஒருத்தர் இந்த நாற்காலியில உக்காந்து, நான் பொய் சொன்னேன்னு சொன்னா? போடுங்க.”

கோப்பு மேலே போய் நான்கு மாதம் அப்படியே கிடந்தது. ஒரே கோப்பில் இருந்த கணவனின் விண்ணப்பமும் அதோடு சேர்ந்து மாட்டிக்கொண்டது. “பேசாம கையெழுத்தைப் போட்டிருந்தா இந்நேரம் முடிஞ்சிருக்கும்,” என்று சுவரைப் பார்த்துச் சொல்வான். தன் காரியத்தைத் தானே கெடுத்துக்கொண்டோமோ என்று அவளுக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

ஐந்தாம் மாதம் கூப்பிட்டார்கள். அதே அதிகாரி இருவருடைய சான்றிதழ்களையும் நீட்டினார். அவள் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தாள், பிறந்த தேதியைப் பார்த்தாள், முத்திரையை விரலால் தடவினாள்.

“இதைத் திருப்பிக் கேப்பீங்களா?”

“அப்படியெல்லாம் கேக்க முடியாதும்மா. சட்டம் இருக்கு.”

“சட்டத்தை மாத்தித்தானே இதைக் குடுத்தீங்க?”

அதிகாரி இந்தத் தடவை சிரிக்கவில்லை. கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, “மூணு நகல் எடுத்து வேற வேற இடத்துல வச்சுக்குங்க,” என்றார்.

அந்த அலுவலகத்தில் அவள் முழுதாக நம்பிய முதல் பேச்சு அதுதான்.