நெஞ்சில் பேட்டரி, காலில் ரப்பர் செருப்பு

எழுபதுகளின் கடைசியில் நடந்தது இது. கேரள எல்லைக்குள் இருக்கும் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டம். என் வீட்டுக்காரருக்கு இருதயம் பலவீனமாகிவிட்டது. கால் வீங்கும், நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்கும், நாடி மெதுவாகித் திடீரென்று மயங்கி விழுவார். சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் அவர் நெஞ்சுத் தோலுக்கு அடியில் பேஸ்மேக்கர் வைத்து அனுப்பினார்கள். அந்தக் காலத்துப் பெட்டி அல்லவா, சோப்புக் கட்டி மாதிரி புடைத்துக்கொண்டு தெரியும். இருதயம் துடிக்கச் சுணங்கினால் அதுவே லேசாக மின்சாரம் கொடுத்துத் துடிக்க வைக்குமாம். அதோடு விட்டாரா டாக்டர்? ஒரு குண்டையும் தூக்கிப் போட்டார். "தினமும் காலையில நாடியை எண்ணுங்கம்மா. குறைய ஆரம்பிச்சா பேட்டரி தீருதுன்னு அர்த்தம். உடனே புறப்பட்டு வந்துடுங்க."

அன்றோடு என் நிம்மதி போயிற்று. பல் விளக்குவதற்கு முன்பே அவர் கையைப் பிடித்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்க்க உட்கார்ந்துவிடுவேன். "உசுரோடதான் இருக்கறேன் புள்ள, காப்பி குடு" என்று கிண்டல் செய்வார். எனக்குச் சிரிப்பு வராது.

ஒருநாள் காலை நாடி குறைந்திருந்தது. தப்பாக எண்ணிவிட்டேனோ என்று மறுபடி எண்ணினேன். அதேதான். கிடைத்த துணியைப் பையில் திணித்துக்கொண்டு, மாட்டு வண்டியில் கொழிஞ்சாம்பாறைக்கு வந்து, பொள்ளாச்சி பஸ்ஸுக்கு நின்றோம். சந்தை நாள், ஒரே கூட்டம். பஸ்ஸைக் காணோம். "கண்ணை இருட்டுது புள்ள" என்றவர் அப்படியே சரிந்து விழுந்தார்.

நாலைந்து பேர் ஓடி வந்தார்கள். அவர் தலையை மடியில் போட்டுக்கொண்டு நான் கதறினேன். "நெஞ்சுக்குள்ள கரண்டுப் பெட்டி வெச்சிருக்குதுங்க! யாராச்சும் தூக்குங்க!"

அவ்வளவுதான், ஓடி வந்தவர்கள் பின்வாங்கிவிட்டார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது. கிணற்றுக்குக் கிணறு கரண்டு மோட்டார் வந்திருந்த சமயம் அது. ஷாக் அடித்தவரைக் கையால் தொட்டால் தொட்டவரும் ஒட்டிக்கொள்வார், காய்ந்த கட்டையால்தான் தட்டிவிட வேண்டும் என்பது எங்கள் பக்கம் சின்னக் குழந்தைக்கும் தெரியும். நான் அழுது நடுங்கியதைப் பார்த்து எனக்கும் ஷாக் ஏறிவிட்டது என்றே முடிவு கட்டிவிட்டார்கள். ஒரு பெரியவர் எங்கிருந்தோ கட்டையோடு ஓடி வந்து, "கையை உடு அம்மிணி!" என்று என் மணிக்கட்டில் ஓங்கி ஒரு அடி போட்டார். என்னைக் காப்பாற்றுகிறாராம்!

எதிரே ஒரு மலையாளத்து டாக்சிக்காரர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு "வேகம், வேகம்" என்று கத்தினார். அவரும் கிட்டே வரவில்லை. என் வீட்டுக்காரர் வாட்டசாட்டமான ஆள், என் ஒருத்தியால் அசைக்கக்கூட முடியவில்லை. உதடு நீலம் பாரித்துக்கொண்டே வந்தது. இத்தனை பேர் சுற்றி நிற்க, என் மடியிலேயே போய்விடுவாரோ என்று நான் பதறிய பதற்றம் எந்த எதிரிக்கும் வரக் கூடாது.

அப்போது கூட்டத்திலிருந்து ஒரு அம்மா முன்னால் வந்தார். மீனாட்சிபுரத்திலிருந்து பால் கொண்டுவருகிறவர் என்று பிறகுதான் தெரிந்தது. பால் தூக்குப்போசியை இறக்கி வைத்தார். ஈரக் கையை முந்தானையில் அழுத்தித் துடைத்தார். வெறுங்கால். பக்கத்தில் நின்றவரிடம், "ஏனுங்க, அந்த ரப்பர் செருப்பைக் கொஞ்சம் கழட்டுங்க" என்றார். காலுக்குப் பெரிதான அந்தச் செருப்பை மாட்டிக்கொண்டு தட்டுத் தடுமாறி வந்தார். ஏதோ சாமி பேரை முணுமுணுத்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு, என் வீட்டுக்காரரின் இரண்டு அக்குளிலும் கை கொடுத்தார். அந்தக் கைகள் வெடவெடவென்று நடுங்கின.

ஒன்றும் ஆகவில்லை. கண்ணைத் திறந்து, "அடிக்கலீங்க! எல்லாரும் வாங்க!" என்று கத்தினார். அதன் பிறகு எத்தனை கைகள்! கட்டையால் அடித்த பெரியவர்தான் முதலில் வந்து என் வீட்டுக்காரரின் காலைத் தூக்கினார். எல்லாருமாகச் சேர்ந்து டாக்சியில் ஏற்றினார்கள்.

கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் வெளியிலிருந்து கம்பி செலுத்தி இருதயத்தை ஓட வைத்தார்கள். பிறகு சென்னைக்குக் கொண்டுபோய்ப் பெட்டியை மாற்றினோம். ஊர் திரும்பியதும் விசாரித்து அந்த அம்மா வீட்டுக்குப் போனோம். மாட்டுக்குத் தீனி வைத்துக்கொண்டிருந்தார். "தொட்டா அடிக்காதுன்னு உங்களுக்கு எப்படிங்க தெரிஞ்சுது?" என்று கேட்டேன்.

"எனக்கெங்கீங்க தெரியும்? அடிக்கும்னுதான் நெனச்சேன். அதுக்காக உட்டுட்டுப் போக முடியுமுங்களா?" என்றார்.

என் வீட்டுக்காரர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார்.

தைரியம் என்றால் பயமில்லாமல் இருப்பது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். இப்போது அந்தச் சொல்லைக் கேட்டாலே, யாருடைய செருப்பையோ மாட்டிக்கொண்டு, நடுங்கும் கைகளோடு கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்ற அந்த அம்மாதான் எனக்கு முன்னால் வந்து நிற்கிறார்.