அவசரப் பைக்குள் இன்சுலின் இல்லை

கிராம சேவகர் கூட்டிய வெள்ள ஆயத்தக் கூட்டத்தில் நானும் என் கணவரும் கடைசி வரிசையில் இருந்தோம். வெள்ளவத்தைக் கால்வாய்க்குப் பக்கத்து ஒழுங்கையில் கீழ்வீட்டுக்காரர் எல்லோரும் கட்டாயம் வரவேண்டுமாம். மருந்து, டோர்ச், தண்ணீர்ப் போத்தல், விசில் வைத்து வீட்டுக்கொரு அவசரப் பை கட்டச் சொன்னார்கள். என் கணவருக்குச் சிரிப்பு.

"எங்களுக்கோ பை கட்டப் படிப்பிக்கினம்?" என்றார் என் காதுக்குள். "எங்கட பை எத்தினை வருசமா ரெடி!"

உண்மைதான். எங்கள் கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு ரெக்சின் பை எப்போதும் தொங்கும். பிறப்புச் சான்றிதழ்கள், கல்யாணப் பதிவு, வீட்டு உறுதி, சண்டைக் காலத்தில் கொழும்பில் இருக்க எடுத்த பழைய பொலிஸ் பதிவுத் துண்டுகள். எங்களைப் போன்ற பல தமிழ் வீடுகளில் இப்படி ஒன்று இருக்கும். இவருக்கு அந்தப் பயம் கொஞ்சம் கூட. அந்தக் காலத்தில், வாலிப வயதில், அடையாள அட்டையை மறந்து பாண் வாங்கப் போனவரைப் பிடித்து இரவு முழுக்கப் பொலிசில் வைத்திருந்தார்கள். பிறகு குப்பை போடப் படலைக்குப் போனாலும் அட்டை சட்டைப்பையில் இருக்கும்.

"உங்கட இன்சுலினுக்கும் அதுக்குள்ள ஒரு ஐஸ் பை வைக்கட்டோ?" என்று கேட்டேன்.

"நீர் சும்மா இரும். ஈரம் பட்டா உறுதி பழுதாப் போகும்."

என்ன மனிசனப்பா இது!

மழை விடாமல் பெய்த அந்தக் கிழமை எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஜன்னலுக்கும் படலைக்கும் நடந்தேன். போனை எடுத்தேன், வைத்தேன், திரும்ப எடுத்தேன். ஒழுங்கை வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் தண்ணீர் கூடுகிறது என்பார், இன்னொருவர் குறைகிறது என்பார், மூன்றாமவர் பூப்படம் போட்டுக் காலை வணக்கம் சொல்வார். எரிச்சல் எரிச்சலாக வந்தது.

ஒருநாள் விடியக் கால்வாய் வீட்டுக்குள் வந்துவிட்டது. கடற்படையின் வள்ளம் வாசலில் நின்றபோது நான் கேஸ் சிலிண்டரை மூடிக்கொண்டிருந்தேன். "மருந்தை எடுங்கோ!" என்று கத்தினேன். "எடுத்திட்டன், எடுத்திட்டன்" என்றபடி இவர் பையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வள்ளத்தில் ஏறினார்.

பாதி வழியில்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. "இன்சுலின் எங்க?"

"பிரிட்ஜுக்குள்ள..."

"எடுத்திட்டன் எண்டியள்?"

"பையை எடுத்திட்டன் எண்டனான்."

ஐயோ கடவுளே! திரும்பிப் போகச் சொல்லிச் சிங்களத்தில் கெஞ்சினேன். தண்ணீர் இழுக்கிறது, முடியாது என்றார்கள். போன வருடம் ஊசி தவறித்தான் இவர் நினைவு தப்பி ஆஸ்பத்திரியில் கிடந்தார். இனியொரு முறை தாங்காது என்று டொக்டர் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார்.

முகாம் ஒரு பள்ளிக்கூடத்தின் மேல்மாடி. இவர் போத்தல் போத்தலாகத் தண்ணீர் குடித்தார். நாக்கு வறண்டு ஒட்டியது. மத்தியானத்துக்குள் கண் சொருகத் தொடங்கியது. சுற்றியிருந்த பாமசியெல்லாம் பூட்டு. நான் மாடிப்படியில் ஏறி இறங்கினேன், கண்டவரையெல்லாம் கேட்டேன், கேட்டுக்கொண்டே இவரை மனதுக்குள் ஏசினேன். இந்தக் கடதாசிக் கட்டையா ஏற்றிக்கொள்ளப் போகிறீர் உடம்பில்? அந்தளவு கோபம், அந்தளவு பயம்.

கடைசியில் கீழே மருத்துவ மேசையில் ஒரு சிங்களத் தாதி அகப்பட்டார். எனக்குப் பின்னால் ஐஸ் பெட்டியோடு ஓடிவந்தார். விரலில் குத்திச் சீனி பார்த்தார், டொக்டருடன் போனில் கதைத்தார், ஊசியில் மருந்தை இழுத்தார். கையை நீட்டச் சொன்னார். என் கணவர் அரைக் கண்ணோடு சட்டைப்பையைத் தடவி அட்டையை எடுத்து நீட்டினார்.

"ஓன நே, அங்கிள்" என்று அட்டையை மெல்லத் தள்ளினார் தாதி. அது வேண்டாமாம். "நம விதரக் கியன்ன." பெயரை மட்டும் சொல்லட்டாம்.

பெயரைச் சொல்ல எத்தனை நேரம் செல்லும்? இவர் தாதியைப் பார்த்தார், வாசலில் நின்ற சீருடைக்காரரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். தமிழ்ப் பெயரை இங்கே சொல்லலாமா என்று கேட்கிற பார்வை.

நான் கட்டி வைத்திருந்த ஏச்சு ஒன்றும் வாயில் வரவில்லை. அழுகைதான் வந்தது. அவருடைய முழுப் பெயரையும், தகப்பன் பெயரோடு சேர்த்து, அந்தக் கூடம் முழுக்கக் கேட்க உரத்துச் சொன்னேன்.