கைதட்ட மாட்டேன் என்றவர்

ஹவுன்ஸ்லோவில் ஒரு தேநீர்க்கடை, காலை ஏழு மணி. மெல்பர்னில் வாழ்ந்துவிட்டு லண்டன் வந்த ஐந்தாறு பேர் தொலைக்காட்சி முன்னால் அமர்ந்திருக்கிறார்கள். ஆஸ்திரேலிய ஃபுட்பால் நட்சத்திரம் ஒருவர், தன் பழைய அணிக்கு எதிராக ஆடி இன்றோடு ஓய்வு பெறுகிறார். இவர்கள் அந்தப் பழைய அணியின் ரசிகர்கள்.

"முடிஞ்சதும் எல்லாரும் எழும்பிக் கைதட்டுவம்," என்கிறார் கடைக்காரர் சிவா.

ராசன் என்பவரின் முகம் இறுகுகிறது. "எங்களை விட்டிட்டுப் போனவனுக்கோ? ஏலாது."

"பத்து வருசம் எங்களுக்காக விளையாடினவன், அண்ணை."

பக்கத்து நாற்காலியில் இருந்து நான், "இன்னுமா கோபம்?" என்று ராசனிடம் கேட்கிறேன்.

"அவன் போன அண்டைக்கு என்ர மகள் சாப்பிடேல்லை, தம்பி."

ஆட்டம் முடிகிறது. எல்லோரும் எழுந்து கைதட்டுகிறார்கள். ராசனும் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுகிறார். வெளியேறப்போகிறார் என்று வழிவிடுகிறேன். அவர் நகரவில்லை. ஜாக்கெட் பைக்குள் கைகளைத் திணித்துக்கொண்டு, திரை அணையும்வரை நிற்கிறார்.