துணை அமைச்சருக்குப் போர்த்திய பொன்னாடை

நோர்வே அரசியல்வாதிகளை நீங்கள் எவ்வளவு குற்றம் சொன்னாலும் கோபிக்க மாட்டார்கள். தலையைச் சற்றுச் சாய்த்து, "அந்தப் பொறுப்பை நான் ஏற்றுக்கொள்கிறேன்" என்பார்கள். மறுநாள் காலையில் அதே நாற்காலியில் அதே சம்பளத்துக்கு அமர்ந்திருப்பார்கள். ஏற்றுக்கொண்ட பொறுப்பை எங்கே கொண்டுபோய் வைத்தீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. வந்த புதிதில் இதைக் கேட்டு நான் வியந்திருக்கிறேன். எங்கள் நாட்டில் இதைச் சொல்லக்கூட ஆளில்லையே என்று. பிறகு பல வருடங்கள் ஒஸ்லோவில் பொலிசுக்கும் நீதிமன்றத்துக்கும் மொழிபெயர்ப்பாளனாக இருந்தேன். அந்த வசனத்தை இரண்டு மொழிகளிலும் சொல்லிச் சொல்லி, உள்ளே ஒன்றுமில்லை என்று கண்டுகொண்டேன். அதைக் கண்டுகொண்ட பிறகுதான் நான் இந்தக் காரியத்தைச் செய்தேன். அதனால் அறியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய அந்த வருடங்களில் பொலிசைச் சீர்திருத்துவதாக ஊரெல்லாம் பேச்சு. பொலிஸ்காரர் மீதான முறைப்பாட்டைப் பொலிஸ்காரரே விசாரிப்பது சரியில்லை என்று, அதற்கெனத் தனி அலுவலகம் திறந்தார்கள். புதுக் கதவு, புதுப் பெயர்ப்பலகை. முதல் தடவை மொழிபெயர்க்கப் போனபோது என்னை வரவேற்றவர், முன்பு பொலிஸ் நிலையத்தில் எனக்குக் கோப்பி ஊற்றித் தந்த அதே மனிதர். சட்டை மட்டும் மாறியிருந்தது. போதாததற்கு, வெளிநாட்டவரோடு "உரையாடல்" என்று மாதமொரு கூட்டம். பெரிய அதிகாரிகள் தங்கள் கையாலேயே வாபிள் என்ற நோர்வே அப்பம் சுட்டுத் தருவார்கள். நாங்கள், சங்கங்களின் தலைவர்களும் செயலாளர்களும், ஜாம் பூசிச் சாப்பிட்டுவிட்டு, பொலிஸ் எங்களோடு எவ்வளவு அன்பாகப் பழகுகிறது என்று வீட்டில் போய்ச் சொல்வோம். எங்கள் சங்கத்தின் செயலாளர் நான்தான். யாழ்ப்பாணத்தில் சில காலம் வழக்கறிஞனாக இருந்ததால் எல்லோரும் என்னை லோயர் என்பார்கள்.

ஒஸ்லோவுக்கு அடுத்த லோறென்ஸ்கூக்கில் வீடு வாங்கியிருந்த ஒரு பஸ் சாரதி எங்கள் சங்கத்தில் இருந்தார். என்னைவிட இருபது வயது இளையவர். ஒரு பின்னேரம் வேலை முடிந்து, தமிழ்க் கடையில் மரக்கறி வாங்கிக்கொண்டு வெளியே வந்தவரை இரண்டு பொலிஸ்காரர் மறித்து அடையாள அட்டை கேட்டார்கள். "ஏன்?" என்று கேட்டார். முருங்கைக்காய் தெருவில் சிதற, அவரைக் குப்புற விழுத்தி வலது கையைப் பின்னால் முறுக்கினார்கள். அவர்கள் தேடி வந்தவன் வேறு யாரோ. தோள் மூட்டின் தசைநார் கிழிந்ததில் அவர் அதற்குப் பிறகு பஸ் ஓட்டவில்லை. அவர் புதிய அலுவலகத்தில் முறைப்பாடு செய்தார். அவர் எதிர்த்தபடியால் தேவையான அளவு பலம் பாவிக்கப்பட்டது என்று எழுதி, கோப்பை மூடினார்கள். மேலிடத்துக்கு முறையிட மூன்று வாரம் இருந்தது.

அந்தக் கடிதத்தை எழுதித் தரும்படி கேட்டு என் வீட்டுக்கு வந்தார்.

"அண்ணை, எனக்குக் காசு ஒண்டும் வேண்டாம். பிழை எங்கடை எண்டு பொலிசிலை ஒருத்தன் சொன்னால் காணும். என்ரை பிள்ளையளே அப்பா என்னவோ செய்துதான் பிடிபட்டவர் எண்டு நினைக்குதுகள்."

எழுதித் தருகிறேன் என்றேன்.

அந்த வாரமே சங்கத் தலைவரின் வீட்டில் செயற்குழு கூடியது. எங்கள் ஆண்டு விழாவுக்கு, பொலிசுக்கும் பொறுப்பான நீதித் துறையின் துணை அமைச்சர் வருவதாக ஒப்புக்கொண்டிருந்தார். தேர்தல் நெருங்கியிருந்தது, எங்கள் மீது அவருக்குத் திடீரென்று பாசம் வந்ததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

"லோயர், உந்தப் பஸ்காரன் சபையிலை எழும்பி நிண்டு பொலிஸ் அடிச்சது எண்டு கத்தினால் என்ன செய்யிறது?" என்றார் தலைவர். "ஊரிலை நோர்வே நடுவிலை நிண்டு சமாதானப் பேச்சு நடத்துது. நோர்வேக்காரனைப் பகைக்கிற நேரமே இது?"

"வரவேண்டாம் எண்டு சொல்லிவிடுவம்" என்றார் பொருளாளர்.

"சொன்னால் வாசலிலை நிண்டு கத்துவார்" என்றேன் நான். "மேடைக்குக் கூப்பிடுங்கோ. அமைச்சருக்குப் பொன்னாடையை அவரைக் கொண்டே போர்த்துங்கோ."

"ஆரை? உவனையோ?"

"தன்ரை கையாலை மரியாதை செய்த ஆள் பிறகு எந்த வாயாலை குற்றம் சொல்லுறது?"

தலைவர் தொடையில் தட்டிச் சிரித்தார். "லோயர் எண்டால் லோயர்தான்! வழக்கை வாதாடாமலே முடிச்சிட்டார்."

நானும் சிரித்தேன். எங்கள் சபைகளின் முறை எனக்குத் தெரியும். பொன்னாடை போர்த்தியவன் அந்த விருந்தாளியைப் பிறகு ஒரு சங்கடமான கேள்வி கேட்டால், சபையே அவனைப் பண்பில்லாதவன் என்று ஒதுக்கும். போர்த்தப்பட்ட மனிதர் என்ன செய்தார் என்பது பேச்சிலேயே வராது. சமாதானப் பேச்சைப் பற்றித் தலைவர் சொன்னதை அவர் நம்பியிருக்கவும் கூடும். எனக்கு அந்தச் சாக்குக்கூட இல்லை. என் வேலை பொலிஸ் தந்த வேலை.

சாரதியிடம் போய், "தம்பி, நீங்கள்தான் பொன்னாடை போர்த்தப்போறியள்" என்றேன்.

"நானோ? எனக்கு ஏன் அண்ணை உந்த வேலை?"

"ஆளை முகத்துக்கு முகம் பாக்கலாம். கேக்கவேண்டியதை அங்கையே கேக்கலாம்."

அவர் முகம் தெளிந்தது. "அப்ப ரெண்டு வசனம் நோர்ஸ்க்கிலை வடிவாய்ச் சொல்லித் தாங்கோ. எனக்குக் கோபம் வந்தால் தமிழ்தான் வரும்."

நோர்வே மொழியில் சொல்லிக் கொடுத்தேன்: "நான் ஏன் என்று மட்டும்தான் கேட்டேன். பிழை பொலிசுடையது என்று நீங்கள் சொல்வீர்களா?" அவர் அதைப் பள்ளிப் பிள்ளை போலப் பாடமாக்கினார். முறையீட்டை விழாவுக்குப் பிறகு ஆறுதலாக எழுதலாம் என்றேன்.

விழா ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில். குத்துவிளக்கு ஏற்றுவதற்காகப் புகை எச்சரிக்கையை நிறுத்தி வைக்கும்படி மண்டபக் காவலாளியைக் கெஞ்சி, பிறகு விளக்கேற்றினோம். துணை அமைச்சர் வடையைக் கையால் சாப்பிட்டுக் காட்டினார், சனம் உருகிவிட்டது. சாரதியின் கதையை வடைத் தட்டுக்கு மேலாகத் தலைவரே அவருக்குச் சொன்னார், குறையாக அல்ல, பெருமையாக: பாருங்கள், அப்படிப்பட்டவரே உங்களுக்குப் பொன்னாடை போர்த்துகிறார்.

சாரதியை மேடைக்கு அழைத்தார்கள். துணை அமைச்சர் நல்ல உயரம். பொன்னாடையை விரித்துப் பிடித்தவரின் இடது கை உயர்ந்தது, வலது கை நெஞ்சுக்கு மேல் போகவில்லை. இன்னொரு தரம் முயன்றார். சபை அவர் வெட்கப்படுவதாக நினைத்து அன்போடு சிரித்தது. துணை அமைச்சர் பெருந்தன்மையாகக் குனிந்து கொடுத்தார். படம் எடுத்தார்கள். அந்தக் குனிந்த காதுக்குப் பக்கத்தில் சாரதி வாயைத் திறந்து முதல் வசனத்தைத் தொடங்கினார். அதே நொடியில் தலைவர் அடுத்த நிகழ்ச்சியை அறிவிக்க, நடனத்துக்கான பாட்டு ஒலிபெருக்கியில் வெடித்தது.

துணை அமைச்சர் பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்து, "என்ன சொல்கிறார்?" என்று கேட்டார்.

எனக்குக் கேட்டது. அந்த வசனம் நானே செய்து கொடுத்தது.

"உங்களை வரவேற்கிறார்" என்றேன்.

துணை அமைச்சர் சாரதியின் வலது கையைப் பிடித்துக் குலுக்கினார்.

நடனம் முடிந்து அவர் பேசினார். பொலிசிடம் கசப்பான அனுபவம் பெற்ற ஒருவரே இன்று தன்னைக் கௌரவித்தார். சீர்திருத்தம் வேர்விட்டதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும். நம்பிக்கை என்பது இதுதான். நான் அதைச் சுத்தமான தமிழில், ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். என் தொழிலில் எனக்கு நல்ல பெயர். கைதட்டல் அடங்கும்வரை சாரதி மூன்றாவது வரிசையில் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முறையீட்டுக்கு இன்னும் சில நாட்கள் இருந்தபோது தொலைபேசியில் கூப்பிட்டார்.

"அண்ணை, கடிதம் எழுதவேண்டாம்."

"ஏன் தம்பி?"

"சனம் கேக்குது, போர்த்தினதும் நீ, வழக்கு வைக்கிறதும் நீயோ எண்டு. என்ரை மகள் பேப்பரிலை படத்தைப் பாத்திட்டு, பொலிசிலை பிழை இல்லாதபடியால்தானே அப்பா நீங்கள் போர்த்தினீங்கள் எண்டு கேக்கிறாள். அதுக்கு நான் என்ன சொல்லுறது?"

இப்போதே வருகிறேன், இன்றைக்கே எழுதுவோம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். துணை அமைச்சர் கேட்டதையும் நான் சொன்னதையும் சொல்லியிருக்க வேண்டும். "உங்கடை விருப்பம்" என்றேன். முறையிடும் கடைசி நாள் கடந்தது. துணை அமைச்சர் பிறகு இன்னும் பெரிய பதவிக்குப் போனார். அந்தப் பொலிஸ்காரர் இருவரும் எங்கும் போகவில்லை. போக வேண்டிய தேவை அவர்களுக்கு வரவில்லை.

இப்போது அந்த மகள் லில்லெஸ்ட்ரோமில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறாள். சென்ற மாதம் இரத்த அழுத்த மாத்திரை வாங்கப் போனபோது, கடையில் வேறு ஆளில்லை. சொல்லிவிட்டேன். அப்பா எதிர்க்கவில்லை, ஏன் என்று மட்டும்தான் கேட்டார் என்றேன். மேடையில் அவர் தொடங்கிய வசனத்தையும், நான் அதை என்னவாக மாற்றினேன் என்பதையும் சொன்னேன்.

அவள் மாத்திரைப் பெட்டியை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இதை அப்பாட்டைச் சொன்னனீங்களோ, மாமா?"

"இல்லைப் பிள்ளை."

"அவர் இண்டைக்கும் தனக்குத்தான் நோர்ஸ்க் சரியாய் வரேல்லை எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறார். பாட்டுச் சத்தத்திலை தான் பிழையாய்ச் சொல்லிப்போட்டன் எண்டு. முதல் அங்கை போங்கோ. வீட்டிலைதான் நிக்கிறார்."

கடைக்கு எதிரே பஸ் தரிப்பிடம். அவர் வீட்டுப் பக்கம் போகும் லோறென்ஸ்கூக் பஸ் வந்தது, கதவு திறந்தது. நான் ஏறவில்லை. வீட்டுக்கு வந்து இதை எழுதினேன். எழுதுவது அதைவிட இலகுவாக இருந்தது.